மகன் படிக்கும் கல்லூரிக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது

கேள்வி: என் மகன் இங்கே கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டாம் ஆண்டு தொடங்கியிருக்கிறான். இரண்டு ஆண்டு முடித்துவிட்டு மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்க யுசிக்கு (கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்) போவது திட்டம். சென்ற மாதம் கல்லூரிக்கு அங்கீகாரக் குழு 'வார்னிங்' கொடுத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. பணப் பற்றாக்குறை, போர்டு உறுப்பினர்களுக்குள் சண்டை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதுகிறார்கள். அவன் எடுக்க வேண்டிய இயற்பியல் வகுப்பை இந்தப் பருவத்தில் ரத்து செய்துவிட்டார்கள். அதே வளாகத்தில் புதிதாக அறிவியல் கட்டடம் மட்டும் எழும்பிக்கொண்டிருக்கிறது. இது என்ன நியாயம்? டெக்சாஸில் இருக்கும் என் நாத்தனார், "அந்தக் காலேஜை மூடப் போறாங்களாமே, பையனை ஏன் அங்க விட்டு வெச்சிருக்கீங்க?" என்று வாரம் தவறாமல் கேட்கிறார். இதுவரை படித்த 30 யூனிட்டும் (பாட அலகு) வீணாகிவிடுமா? இப்போதே வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாமா? அடுத்த ஆண்டு பள்ளி முடிக்கும் மகளையும் இங்கேதான் சேர்ப்பதாக இருந்தோம். எனக்குத் தூக்கமே வரவில்லை.
— கே.எம்., ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் முடித்திருக்கும் 30 யூனிட்டுக்கு இந்த எச்சரிக்கையால் ஒரு பாதிப்பும் இல்லை. 'வார்னிங்' நிலையில் இருக்கும் கல்லூரி, அங்கீகாரம் உள்ள கல்லூரிதான். அங்கே படித்த பாடங்களை யுசியும் கால் ஸ்டேட்டும் (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) வழக்கம்போல ஏற்கும். மத்திய அரசின் பெல் உதவித்தொகையும் நிற்காது. என்றாவது ஒரு நாள் அங்கீகாரம் போனாலும்கூட, அது இருந்த காலத்தில் முடித்த படிப்பு அங்கீகாரம் பெற்ற படிப்பாகவே இருக்கும். ஆகவே அவசரப்பட்டுப் பருவத்தின் நடுவில் அவனை அங்கிருந்து எடுத்துவிடாதீர்கள்.

ஆனால் "ஒன்றுமில்லை, நிம்மதியாக இருங்கள்" என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்கவும் எனக்கு மனமில்லை. உங்கள் கடிதத்தில் கல்லூரி மூடப்படுமோ என்ற பயம் பக்கம் முழுக்க இருக்கிறது. இயற்பியல் வகுப்பு ரத்தான செய்தி ஒரே வரியில் வந்து போகிறது. பல ஆண்டுகள் கல்லூரி நிதிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என்னைக் கவலைப்பட வைப்பது அந்த ஒரு வரிதான். கல்லூரிகள் லேசில் மூடப்படுவதில்லை, வகுப்புகள் மூடப்படுகின்றன. உங்கள் மகனின் ஓர் ஆண்டைத் தின்னக்கூடியது அதுதான். காரணங்களைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அக்ரெடிடேஷன் (கல்லூரியை வெளியார் குழு ஒன்று ஆராய்ந்து தரும் அங்கீகாரம்) கலிபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளுக்கு ஏசிசிஜேசி என்ற ஆணையத்திடமிருந்து வருகிறது. பொதுவாக ஏழு ஆண்டுக்கு ஒருமுறை முழு ஆய்வு. ஆய்வில் குறை கண்டால் மூன்று படிகள் உண்டு: வார்னிங் (எச்சரிக்கை), புரொபேஷன் (கண்காணிப்பு), ஷோ காஸ் ('அங்கீகாரத்தை ஏன் நீக்கக் கூடாது என்று காரணம் காட்டு' எனும் நிலை). இந்த மூன்றிலும் கல்லூரி அங்கீகாரத்தோடுதான் இருக்கும். உங்கள் மகனின் கல்லூரி நிற்பது முதல் படியில். குறைகளைச் சரிசெய்யக் காலக்கெடு கொடுத்து, அறிக்கை கேட்டு, தேவைப்பட்டால் நேரில் வந்து பார்த்துவிட்டு எச்சரிக்கையை நீக்குவதுதான் பெரும்பாலும் நடப்பது.

அந்த மின்னஞ்சலோடு நிற்காமல், ஆணையம் கல்லூரிக்கு எழுதிய கடிதத்தையே எடுத்துப் படியுங்கள். கல்லூரியின் இணையதளத்தில் 'அக்ரெடிடேஷன்' பக்கத்தில் அது இருக்க வேண்டும் என்பது விதி. கடிதத்தில் 'ஸ்டாண்டர்டு' (தர அளவுகோல்) எண்களைக் குறிப்பிட்டிருப்பார்கள். இரண்டாம் எண் மாணவர் கல்வி சம்பந்தப்பட்டது. மூன்றாவது பணம், ஆள்பலம், கட்டடம் போன்ற வளங்களைப் பற்றியது. நான்காவது நிர்வாகம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்றும் நான்கும்தான் சுட்டப்பட்டிருக்கும் என்று எண்ணுகிறேன். அப்படியானால் ஆணையம் குறை சொல்வது பாடம் நடத்தும் தரத்தை அல்ல, வரவு செலவுத் திட்டம் போடும் முறையையும் போர்டு நடந்துகொள்ளும் முறையையும். ஒருவேளை இரண்டாம் எண்ணின் கீழும் குறை எழுதியிருந்தால் அந்தப் பகுதியை எனக்கு அனுப்புங்கள், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் நாத்தனாரின் கேள்வி. அவர் அக்கறையில்தான் கேட்கிறார். அவர் காதுக்கு எட்டியிருப்பது அநேகமாகச் சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜின் கதையாக இருக்கும். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயத்துக்கு விடை அதற்குள் இருக்கிறது.

1935-ல் தொடங்கிய கல்லூரி அது. 2012 ஜூலையில் ஆணையம் அதை நேரே 'ஷோ காஸ்' நிலைக்குத் தள்ளியது. குற்றச்சாட்டுகளில் முக்கியமானவை பணமும் நிர்வாகமும்: கையிருப்பு மிகக் குறைவு, யார் முடிவெடுப்பது என்பதில் தெளிவில்லை, நீண்டகாலத் திட்டம் இல்லை. அடுத்த ஆண்டு ஜூலையில், 2014 ஜூலை 31-ஆம் தேதியோடு அங்கீகாரத்தை நீக்குவதாக ஆணையம் முடிவு செய்தது. கம்யூனிட்டி கல்லூரிகளுக்கான மாநில அமைப்பு, மக்கள் தேர்ந்தெடுத்த போர்டின் அதிகாரத்தை நிறுத்திவைத்து, சிறப்பு அறங்காவலர் ஒருவரிடம் கல்லூரியை ஒப்படைத்தது. ஏறத்தாழ 85,000 மாணவர்கள் இருந்த கல்லூரி. அத்தனை குடும்பங்களும் இன்று நீங்கள் இருக்கும் நிலையில் இருந்தன.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அந்த நகர மக்கள் 2012 நவம்பரிலேயே கல்லூரிக்காக ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 79 டாலர் வரி கட்டச் சம்மதித்து வாக்களித்தார்கள். நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா ஆணையத்தின் மீதே வழக்குத் தொடுத்தார். 2014 தொடக்கத்தில் நீதிபதி கர்ட்டிஸ் கார்னோ, வழக்கு முடியும்வரை அங்கீகாரத்தை நீக்கக் கூடாது என்று தடை விதித்தார். விசாரணைக்குப் பிறகு, ஆணையம் தன் நடைமுறையில் சட்டத்தை மீறியிருக்கிறது என்றும் தீர்ப்பு வந்தது. கல்லூரிக்குச் சீர்செய்துகொள்ள அவகாசம் கிடைத்தது. 2017 ஜனவரியில் அங்கீகாரம் முழுமையாக உறுதிசெய்யப்பட்டது. அதே ஆண்டு இலையுதிர் பருவத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் வசிப்பவர்கள் யாராக இருந்தாலும் அங்கே கட்டணமின்றிப் படிக்கலாம் என்று நகரம் அறிவித்தது. 50 லட்சம் டாலருக்கு மேல் விலைபோகும் சொத்துகளின் கைமாற்ற வரியை உயர்த்தியதில் கிடைத்த வருமானம் அதற்கு ஆதாரம்.

ஐந்து ஆண்டு நெருக்கடியில் ஒரு நாள்கூட அந்தக் கல்லூரி அங்கீகாரம் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் மாணவர்கள் போய்விட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். 'மூடப் போகிறார்கள்' என்ற பேச்சு கேட்டே பலர் சேராமல் இருந்தார்கள், சேர்ந்திருந்தவர்களில் பலர் விலகினார்கள். மாணவர் குறைந்ததால் மாநிலம் தரும் பணத்துக்கு ஆபத்து வந்தது. சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டுச் சில ஆண்டுகள் தாங்கிப் பிடித்தது. அந்தத் தாங்கல் முடிந்த பிறகும் பழைய மாணவர் எண்ணிக்கை திரும்பவில்லை. 2019 நவம்பர் இறுதியில், வசந்த பருவத்துக்கான பாட அட்டவணை வெளியான பிறகு, ஏறத்தாழ 300 வகுப்புகளைத் திடீரென்று நீக்கினார்கள். அங்கீகாரம் கையில் இருந்தது, வகுப்பு இல்லை. பயம் மாணவரைக் கொண்டுபோகிறது, மாணவர் போனால் பணம் போகிறது, பணம் போனால் வகுப்பு போகிறது. இந்தச் சங்கிலி உங்கள் மகனின் கல்லூரியிலும் தொடங்கக்கூடும் என்பதால்தான் 'கூட்டத்தோடு கூட்டமாக விலகிவிடுங்கள்' என்று நான் சொல்ல மாட்டேன்.

உண்மையிலேயே அங்கீகாரத்தை இழந்த கல்லூரியும் ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே காம்ப்டன் கல்லூரி. நிதியும் நிர்வாகமும் சீர்குலைந்து, 2004-ல் போர்டின் அதிகாரத்தை மாநிலம் எடுத்துக்கொண்டது, 2006-ல் அங்கீகாரம் போயிற்று. அப்போதும் வளாகத்துக்குப் பூட்டுப் போடவில்லை. பக்கத்தில் இருந்த எல் கமீனோ கல்லூரி அதைத் தன் கிளையாக ஏற்றுக்கொண்டது. மாநிலம் 3 கோடி டாலர் வரை கடன் தர ஏற்பாடு செய்தது. மாணவர்கள் அதே வளாகத்தில் எல் கமீனோவின் பெயரில், அங்கீகாரம் உள்ள படிப்பைத் தொடர்ந்தார்கள். 2017-ல் காம்ப்டனுக்குத் தன் பெயரிலேயே அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது, 2019-ல் மீண்டும் தனிக் கல்லூரியானது. பதின்மூன்று ஆண்டு நீண்ட பாதைதான். ஆனால் மோசமான நிலையிலும் மாணவரை நடுத்தெருவில் விடாத ஏற்பாடு இந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

சரி, பணம் ஏன் பற்றவில்லை? நீங்கள் கட்டும் கட்டணத்தில் கல்லூரி ஓடுவதாகப் பல பெற்றோர் நினைக்கிறார்கள். 1984 வரை கலிபோர்னியாவில் இந்தக் கல்லூரிகளுக்குக் கட்டணமே கிடையாது. 2012-லிருந்து மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். யுசிக்கு மாறத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகிறது. அதிலும் வருமானம் குறைந்த மாணவர்களுக்குக் கட்டணம் தள்ளுபடி. இந்தத் தொகையில் ஒரு கல்லூரி எப்படி நடக்கும்? பெரும்பகுதி வருமானம் சொத்து வரியிலிருந்தும் மாநிலக் கருவூலத்திலிருந்தும் வருகிறது.

இது ஒரு குடத்தை நிரப்புவது போன்றது. ஒவ்வொரு கல்லூரி மாவட்டத்துக்கும் (நகர எல்லையோ கவுண்டி எல்லையோ அல்ல, கல்லூரிகளுக்கென்று வகுத்த தனி எல்லை, மாநிலத்தில் இப்படி 73) குடத்தின் அளவை மாநிலம் ஒரு சூத்திரப்படி தீர்மானிக்கிறது. உள்ளூர்ச் சொத்து வரியும் மாணவர் கட்டணமும் முதலில் அதில் விழும். மீதியை மாநிலம் ஊற்றும். சொத்து வரி கூடினால் மாநிலத்தின் பங்கு அந்த அளவுக்குக் குறையும், குடத்தின் அளவு மாறாது. சொத்து வரியாலேயே குடம் வழிந்துவிடும் சில மாவட்டங்கள் மட்டும் மிஞ்சியதைத் தாமே வைத்துக்கொள்கின்றன. பக்கத்துக் கல்லூரி செழிப்பாக இருக்க, உங்கள் மகனின் கல்லூரி திணறுவதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். அங்குள்ளவர்கள் கெட்டிக்காரர்கள், இங்குள்ளவர்கள் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

குடத்தின் அளவை வைத்தே எல்லாம். 2018-19 முதல் நடப்பில் இருக்கும் சூத்திரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது, 20 சதவீதம் பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, 10 சதவீதம் பட்டம், பல்கலைக்கழகத்துக்கு மாறுதல் போன்ற தேர்ச்சிகளைப் பொறுத்தது. எண்ணிக்கை என்றால் தலைக்கணக்கு அல்ல. எஃப்டிஇஎஸ் (முழுநேர மாணவருக்குச் சமமான அளவு, ஓர் ஆண்டில் 525 வகுப்பு மணி நேரம்) என்ற அலகில் கணக்கிடுவார்கள். பருவத்தின் ஐந்தில் ஒரு பங்கு கழியும் சமயத்தில் 'சென்சஸ் டே' (கணக்கெடுப்பு நாள்) என்று ஒன்று வரும். வழக்கமான வகுப்புகளில் அந்த நாளில் பதிவேட்டில் இருக்கும் பெயர்களுக்குத்தான் பணம். மூன்றாவது வாரத்தில் விலகிய மாணவனுக்காகக் கல்லூரி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்திருக்கும், மாநிலத்திடமிருந்து ஒன்றும் வராது.

கொரோனா காலத்தில் மாநிலம் முழுக்க மாணவர் எண்ணிக்கை சரிந்தது. பல மாவட்டங்கள் பழைய வருமானம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு விதியின் நிழலில் காலம் தள்ளின. 2025-26 முதல் அந்தப் பாதுகாப்பு, 2024-25-ல் வாங்கிய தொகையோடு உறைந்து நிற்கிறது. விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அது கூடாது. சம்பளமும் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் ஆண்டுதோறும் ஏறும், வரவு அப்படியே நிற்கும். இதற்கு மேல் மாநிலத்தின் சொந்த வரவும் பங்குச் சந்தையோடு ஏறி இறங்குவது. 1978-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கு உச்சவரம்பு போட்டதிலிருந்து கல்லூரிகளின் கதி மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவின் கையில் இருக்கிறது. 1988-ல் வந்த 98-ஆம் முன்மொழிவு, பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி கல்லூரிகளுக்கும் சேர்த்து மாநில வருவாயில் குறைந்தபட்சப் பங்கை உறுதி செய்கிறது. அந்தப் பங்கில் கல்லூரிகளுக்கு வருவது ஏறத்தாழ பத்தில் ஒன்று. வருவாய் விழுந்தால் பங்கும் விழும்.

புதுக் கட்டடத்தைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் இலக்கு தவறு. கட்டடத்துக்கான பணம் வேறு. அது உங்கள் மாவட்ட வாக்காளர்கள் தேர்தலில் அனுமதித்த பாண்டு (கடன் பத்திரம்) மூலம் திரட்டியது. 2000-த்தில் வந்த 39-ஆம் முன்மொழிவின்படி 55 சதவீத வாக்கு இருந்தால் பாண்டு நிறைவேறும். அதற்குப் பதிலாகச் சில கட்டுப்பாடுகள்: அந்தப் பணத்தில் ஆசிரியர், நிர்வாகி சம்பளம் கொடுக்கக் கூடாது, ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும், குடிமக்கள் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். கட்டடத்தை இன்றே நிறுத்தினாலும் அதிலிருந்து ஒரு டாலரைக்கூட இயற்பியல் ஆசிரியருக்குத் திருப்ப முடியாது. திருப்பினால் அதுதான் சட்டவிரோதம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தக் கட்டடம் திறந்த பிறகு மின்சாரம், துப்புரவு, பராமரிப்புக்கான செலவு எந்தக் கணக்கிலிருந்து வரப்போகிறது? அது வகுப்புகளுக்கான அதே குடத்திலிருந்துதான் வரும். அதற்குத் திட்டம் இருக்கிறதா என்று கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு.

அடுத்தது போர்டு சண்டை. போர்டு ஆஃப் டிரஸ்டீஸ் (மாவட்ட வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு) பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு பேர், நான்கு ஆண்டுப் பதவி. கொள்கை வகுப்பதும், வரவு செலவை அனுமதிப்பதும், தலைமை நிர்வாகியை நியமித்து அவரை வேலை வாங்குவதும் அவர்கள் பொறுப்பு. அன்றாட நிர்வாகத்தில் கை வைப்பது அவர்கள் வேலையல்ல. 1988-ல் வந்த ஏபி 1725 என்ற சட்டத்தால் பாடத்திட்டம், பட்டத்துக்கான தகுதிகள் போன்றவற்றில் ஆசிரியர் மன்றத்தின் ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டும். ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும்கூடக் குரல் உண்டு. இத்தனை பேர் கூடி முடிவெடுக்கும் இடத்தில் வாக்குவாதம் இருக்கத்தான் செய்யும். வாக்குவாதத்தைக் கண்டு பயப்படாதீர்கள். நான் பயப்படுவது இவற்றுக்கு: தலைமை நிர்வாகி அடிக்கடி மாறுவது, தணிக்கையாளர் எழுதிய அதே குறை மூன்று ஆண்டும் திரும்ப வருவது, கையிருப்பைத் தின்று சம்பளம் கொடுப்பது. இரண்டு மாதச் செலவுக்காவது கையிருப்பு வேண்டும் என்பது கம்யூனிட்டி கல்லூரிகளுக்கான மாநில அலுவலகத்தின் அறிவுரை. உங்கள் மாவட்டத்தின் வரவு செலவு அறிக்கையில் இறுதி இருப்பு என்ற வரியை மூன்று ஆண்டுக்கு வரிசையாகப் பாருங்கள். இறங்குமுகமா, ஏறுமுகமா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அங்கீகார ஆணையம் பார்ப்பதும் அதைத்தான்.

இனி உங்கள் மகன். பொறியியலுக்கான இயற்பியல் தனித்தனி வகுப்பு அல்ல, சங்கிலி. இயக்கவியல் முடித்தால்தான் மின்னியல், அதற்குப் பிறகு அலையும் ஒளியும். கணிதமும் அப்படியே. மாணவர் குறைவாக இருக்கும் மேல்நிலை வகுப்புகளை ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள். ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது தள்ளிப்போகும், யுசிக்கு மாறுவதும் ஓர் ஆண்டு தள்ளிப்போகும்.

இந்த வாரமே அவனைக் கல்லூரிக் கவுன்சிலரை (பாட ஆலோசகர்) பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் போக வேண்டாம், அவன்தான் போக வேண்டும். கல்லூரி மாணவனுக்கு எந்த வயதானாலும், அவன் எழுத்தில் அனுமதி தராமல் அவன் படிப்பு விவரங்களை உங்களிடம் பேச மாட்டார்கள். அவன் கையில் மூன்று பருவத்துக்கான பாடத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். அசிஸ்ட் (எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் மாநில இணையதளம்) திறந்து, அவன் விரும்பும் ஒவ்வொரு யுசி வளாகத்துக்கும் எவை கட்டாயம் என்று பார்த்து, அந்தத் திட்டத்தோடு ஒப்பிட வேண்டும்.

ரத்தான வகுப்பைப் பக்கத்துக் கல்லூரியில் எடுக்கலாம். உங்கள் பகுதியில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் பல கல்லூரிகள் இருக்கின்றன. ஒரே விண்ணப்ப முறைதான், விண்ணப்பக் கட்டணம் இல்லை. தன் கல்லூரியை விடாமலே அங்கே ஒரு பாடம் மட்டும் எடுக்க முடியும். ஆனால் ஓர் எச்சரிக்கை. இயற்பியல் வரிசையை ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு விதமாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு கல்லூரியில் இரண்டாம் பாடத்தில் வருவது மற்றொன்றில் மூன்றாவதில் இருக்கும். பாதி இங்கே பாதி அங்கே என்று எடுத்தால் நடுவில் ஒரு பகுதி விடுபட்டு, யுசி அந்த வரிசையையே முழுமையானதாக ஏற்காமல் போகலாம். ஆகவே மாறுவதற்கு முன், இரண்டு கல்லூரிகளின் பாட விவரங்களையும் கவுன்சிலரிடம் காட்டி எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தன் கல்லூரியிலேயே அடுத்த பருவம் அது நடக்கும் என்று துறைத்தலைவர் உறுதியாகச் சொன்னால், இப்போது வேறு கட்டாயப் பாடத்தை முடித்துவிட்டுக் காத்திருப்பதே நல்லது.

அடுத்த பருவத்துக்கான பதிவு தொடங்கும் நாளன்றே பதிவு செய்யட்டும். எந்த வகுப்பை வைத்துக்கொள்வது, எதை ரத்து செய்வது என்ற முடிவைப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, அப்போதைய பதிவு எண்ணிக்கையை வைத்து எடுப்பார்கள். "கல்லூரி என்ன ஆகிறது பார்ப்போம்" என்று பத்துப் பேர் காத்திருந்தால், அந்தப் பத்துப் பேராலேயே வகுப்பு போய்விடும். அவன் நண்பர்களிடமும் இதைச் சொல்லட்டும். இடம் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்கட்டும், அந்தப் பட்டியலின் நீளத்தைப் பார்த்து இன்னொரு பிரிவு திறந்த டீன்களை எனக்குத் தெரியும்.

யுசியின் ஆறு வளாகங்கள் டேக் (நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்னும் ஒப்பந்தம்) தருகின்றன: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ். பொறியியலுக்குச் சில வளாகங்கள் இதைத் தருவதில்லை, ஆகவே துறை வாரியாகப் பார்க்க வேண்டும். இதற்கு விண்ணப்பிக்கும் மாதம் செப்டம்பர். அக்டோபரில் நினைவு வந்தால் பயனில்லை.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போர்டு கூட்டத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1953-லிருந்து நடப்பில் இருக்கும் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும், கூட்டத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும், பொதுமக்கள் பேசவும் நேரம் தர வேண்டும். பெரும்பாலும் ஆளுக்கு மூன்று நிமிடம். ஆங்கிலம் தடுமாறுமே என்று தயங்காதீர்கள், எழுதி வைத்துப் படிக்கலாம். கல்லூரியைக் குறை சொல்ல வேண்டிய தேவையே இல்லை. "என் மகன் மாறுவதற்கு இந்த இயற்பியல் வகுப்பு தேவை, இது எந்தப் பருவத்தில் நடக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். போர்டு அங்கேயே பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல, ஆனால் நிர்வாகி குறித்துக்கொள்வார். ஒரே வகுப்புக்காக நான்கு குடும்பங்கள் வந்து நின்றால் அதன் கனம் வேறு. நம்மவர்களில் பலர் இந்தக் கூட்டங்களுக்குப் போவதே இல்லை. வரி கட்டுகிறோம், பிள்ளையை அனுப்புகிறோம், அந்த நாற்காலியில் உட்காரும் உரிமையை மட்டும் விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

வேறு கல்லூரிக்கு முழுவதுமாக மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். 30 யூனிட் முடித்தவனை மாற்றினால் புதிய கல்லூரியில் பதிவு வரிசையில் பின்னால் நிற்க நேரலாம், கவுன்சிலர் புதிது, பாட வரிசையும் வேறு. எச்சரிக்கை 'ஷோ காஸ்' நிலைக்குப் போனால், அல்லது அவனுக்குக் கட்டாயமான இரண்டு பாடங்கள் அடுத்தடுத்து ரத்தானால், அப்போது மாறுவதைப் பற்றிப் பேசலாம். இன்றைக்கு அந்த நிலை இல்லை.

மகளைப் பொறுத்தவரை முடிவெடுக்க உங்களுக்கு முழுதாக ஓர் ஆண்டு இருக்கிறது. அதற்குள் கல்லூரி ஆணையத்துக்குத் தர வேண்டிய தொடர் அறிக்கை வந்திருக்கும், அதுவும் இணையதளத்தில் இருக்கும். அவள் படிக்க விரும்பும் துறையின் பாட அட்டவணையைக் கடந்த நான்கு பருவத்துக்கு எடுத்துப் பாருங்கள். தேவையான பாடங்கள் ஒவ்வோர் ஆண்டும் நடந்திருந்தால் தயங்காமல் சேருங்கள். முதன்முறையாகக் கல்லூரிக்கு வரும் முழுநேர மாணவர்களுக்கு இரண்டு ஆண்டு கட்டணம் தள்ளுபடி செய்யும் 'காலேஜ் பிராமிஸ்' திட்டம் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கிறது. உங்கள் நாத்தனாரிடம், கால் ஸ்டேட்டில் பட்டம் வாங்குபவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இத்தகைய கல்லூரிகளில் தொடங்கியவர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆணையத்தின் கடிதம் கையில் கிடைத்ததும் அதில் தரக் குறைகள் பட்டியலிட்ட பக்கத்தை மட்டும் அனுப்பிவையுங்கள், வரி வரியாகப் பார்த்து எழுதுகிறேன்.